எந்தப் போர்ட்டில் நின்று பார்ப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் நெட்வொர்க் வேலைக்கு யாராவது கூப்பிட்டால், பெரும்பாலும் ஒரே புகார்தான்: "லைன் ரொம்ப ஸ்லோ." தோட்ட ஆபீஸ், செம்பனை ஆலையின் நிறுவை அறை, கிளினிக், டியூஷன் சென்டர் என்று எங்கே போனாலும் இதே வாக்கியம். யார் இழுக்கிறார்கள், எது இழுக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் கொஞ்சம் விவரம் தெரிந்த பையன் ஒருவன் லேப்டாப்பில், நெட்வொர்க்கில் ஓடுவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைப் போட்டு, சுவரில் காலியாக இருக்கும் போர்ட்டில் (கேபிள் செருகும் வாயில்) செருகி உட்கார்ந்துவிடுகிறான். திரையில் வரிகள் மளமளவென்று ஓடுகின்றன. தேடியது மட்டும் வரவில்லை. அடுத்த அறையில் யாரோ வீடியோ பார்ப்பது காதில் விழுகிறது; திரையில் அதன் சுவடே இல்லை.

வயர்ஷார்க்கில் கோளாறு எதுவும் இல்லை. எல்லாக் கேபிளும் வந்து சேரும் சுவிட்ச் என்ற பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அவ்வளவுதான்.

சுவிட்சுக்கு முன்னால் இருந்த பழைய ஹப் காலத்தில் நிலைமை வேறு. ஒரு போர்ட்டில் வந்த பிரேமை, அதாவது முகவரி ஒட்டிய தரவுத் துண்டை, ஹப் மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அப்படியே அனுப்பிவிடும். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி (எழுத்தர்) பேர் கூப்பிடுவதுபோலத்தான்: கூப்பிடுவது ஒருவரை, கேட்பது எல்லோரும். தன் பேர் இல்லாதவர் பேசாமல் நிற்பதுபோல, தன் முகவரி இல்லாத பிரேமை ஒவ்வொரு கணினியின் நெட்வொர்க் கார்டும் ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்காதே, எல்லாவற்றையும் உள்ளே விடு என்று கார்டுக்குச் சொல்வதுதான் புரோமிஸ்கியூவஸ் மோட். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1988-இல் இதே வேலையைச் செய்யும் டிசிபிடம்ப் கருவி எழுதப்பட்டபோது, கேபிள் வழி நெட்வொர்க்கான ஈதர்நெட் இப்படித்தான் இருந்தது. வயர்ஷார்க்கும் 1998-இல் ஈதரியல் என்ற பெயரில் வெளிவந்தபோது பல அலுவலகங்களில் ஹப்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்று இணையத்தில் கிடைக்கும் பல பாடங்கள் அந்தக் காலத்து நினைப்பிலேயே நிற்கின்றன.

முதல் ஈதர்நெட் சுவிட்ச் 1990-இல் வந்தது, மொத்தம் 7 போர்ட். செய்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்தார். 1994-இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. இன்று ஐம்பது அறுபது ரிங்கிட்டுக்குக் கடையில் கிடைக்கும் சின்ன டப்பாவுக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. பிரேம் ஒன்று உள்ளே வந்தால், அனுப்பியவரின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டுக்கே உரிய எண்ணை, சுவிட்ச் பார்த்து, "இந்த முகவரி 3-ஆம் போர்ட்டில் இருக்கிறது" என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. அப்புறம் அந்த முகவரிக்கு வருவதை 3-ஆம் போர்ட்டில் மட்டும் விடுகிறது. 5-ஆம் போர்ட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தால் அது எப்படித் தெரியும்? புரோமிஸ்கியூவஸ் மோட் எவ்வளவு போட்டாலும், கேபிளில் வராததைக் கார்டு பிடிக்க முடியாது.

ஆனால் காலி போர்ட்டில் எதுவுமே தெரியாது என்றும் நினைத்துவிட வேண்டாம். எல்லோருக்கும் என்று அனுப்பும் பிராட்காஸ்ட் எல்லாப் போர்ட்டுக்கும் வரும். நெட்வொர்க்கில் கருவிக்கு வழங்கப்படும் ஐபி முகவரி ஒன்றுக்கு உரிய மேக் முகவரி எது என்று கேட்கும் ஏஆர்பி, புதுக் கருவி முகவரி கேட்டுக் கத்தும் டிஎச்சிபி, பிரிண்டரும் டிவியும் தாங்கள் இருப்பதை அறிவித்துக்கொண்டே இருப்பது, எல்லாம் இங்கே கேட்கும். இதை வைத்தே எத்தனையோ வழக்குகள் தீர்ந்துவிடும். வீட்டில் மிச்சமான வைஃபை ரவுட்டரை ஒருவர் ஆபீசுக்குக் கொண்டுவந்து, கேபிளை லேன் போர்ட்டில் செருகிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் தன் பங்குக்கு ஐபி முகவரி வழங்க ஆரம்பிக்கிறது. பாதிப் பேருக்கு லைன் இருக்கிறது, மீதிப் பேருக்கு இல்லை. காலி போர்ட்டில் உட்கார்ந்து லேப்டாப்புக்குப் புதிதாக முகவரி கேட்டால் போதும். ஒரு சர்வர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு சொல்லும். இரண்டாவதின் மேக் முகவரியில் முதல் மூன்று பைட் தயாரிப்பாளரைக் காட்டிக் கொடுக்கும். அதற்கப்புறம் அந்தப் பிராண்டு பெட்டி எந்த மேசைக்கு அடியில் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதுதான் பாக்கி.

சில சமயம் அடுத்தவருக்கு உரிய பிரேமும் காலி போர்ட்டில் வந்து விழும். சுவிட்சின் அட்டவணையில் ஒரு முகவரி வழக்கமாக 300 விநாடிதான் தங்கும். அதற்குள் அந்தக் கருவி வாய் திறக்காவிட்டால் சுவிட்ச் மறந்துவிடும். மறந்த முகவரிக்கு ஏதாவது வந்தால், எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எல்லாப் போர்ட்டிலும் விடும். வருவதை வாங்கி வைத்துக்கொண்டு தான் எதுவும் அனுப்பாத கருவி ஒன்று நெட்வொர்க்கில் இருந்தால் இது ஓயாமல் நடக்கும். ஒரு குழுவுக்கு என்று அனுப்பும் மல்டிகாஸ்டும் இப்படித்தான். கேட்டவர்களுக்கு மட்டும் அதை விடும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதி இல்லாத மலிவு சுவிட்சில் ஐபிடிவி ஓடினால், படம் பார்க்காத கணினிக்கும் பிரிண்டருக்கும்கூட அந்த ஓட்டம் போய்ச்சேரும். காலி போர்ட்டில் இப்படி விடாமல் கொட்டினால், மெதுவுக்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

எண்ணிக்கைக்குத்தான் என் ஓட்டு

பிரேமுக்குள் இருக்கும் தரவுப் பொதியான பாக்கெட்டைத் திறந்து பார்ப்பதற்கு முன் சுவிட்ச் தானாகவே எண்ணி வைத்திருக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். இது என் பிடிவாதம். ஏன் என்று சொல்ல ஒரு ஆலைக் கதை இருக்கிறது.

நிறுவை அறையில் லாரி ஏறி நிற்கும், எடை கணினிக்கு வரும், கணினி ஆபீஸ் சர்வரில் பதிந்து டிக்கெட் அடிக்கும். அங்கிருந்த கிராணி சொன்னது இது: "தம்பி, காலையில நல்லாத்தான் இருக்கு. மத்தியானம் லாரி வரிசை கட்டினதும் டிக்கெட் வர மாட்டேங்குது."

"பிங் போட்டுப் பார்த்தீங்களாண்ணே?" (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை.)

"பிங் எல்லாம் சூப்பரா போகுது. அதான் புரியல."

வெட்டிய குலை நேரம் ஆக ஆக எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும். அதனால் 24 மணி நேரத்துக்குள் அவித்துவிட வேண்டும் என்று ஆலைகள் பறக்கும். வாசலில் லாரி நிற்பது சும்மா நிற்பது இல்லை. மேலிடத்தில் எல்லோரும் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுவை அறைக்கும் சர்வருக்கும் நடுவில் இணையமே கிடையாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் போர்ட்டுகளின் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் வேகமும் டூப்ளெக்ஸும் இருக்கும்: ஃபுல் என்றால் ஒரே நேரத்தில் இரு திசையும், ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒரு திசை. எல்லா வரியிலும் '1000 ஃபுல்' அல்லது '100 ஃபுல்' என்று இருக்க, நிறுவை அறைக்குப் போகும் வரியில் மட்டும் '100 ஹாஃப்'. அந்த ஒரு சொல்லில் வழக்கு முடிந்துவிட்டது. எப்போதோ ஒரு டெக்னீஷியன் நிறுவைக் கணினியின் கார்டை 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கைமுறையாகப் பூட்டி வைத்திருக்கிறார். சுவிட்ச் பக்கம் ஆட்டோ, அதாவது இரு முனையும் பேசி முடிவு செய்துகொள்வது. பூட்டிய பக்கம் பேரம் பேச வராது. வேகத்தைச் சுவிட்ச் மின் அலையிலிருந்தே கண்டுபிடித்துக்கொள்ளும். டூப்ளெக்ஸை அப்படிக் கண்டுபிடிக்க வழியில்லாததால் விதிப்படி ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். இப்போது ஒரு பக்கம் நினைத்த நேரத்தில் அனுப்புகிறது. மறு பக்கமோ, தான் அனுப்பும்போது எதிரே ஏதாவது வந்தால் மோதல் என்று நினைத்துப் பாதியில் நிறுத்துகிறது. சின்னதாக, அவ்வப்போது போகும் பிங்குக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. லாரி எண் பலகையின் படங்களும் டிக்கெட் பதிவும் சேர்ந்து இரு திசையிலும் ஓடும் மத்தியானத்தில்தான் உயிர் போகும். கார்டையும் ஆட்டோவில் விட்டதோடு சரி.

இங்கே முதலிலேயே பாக்கெட் பிடிக்க உட்கார்ந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? டிசிபி மறு அனுப்பல்கள், அதாவது போய்ச்சேராததால் திரும்ப அனுப்பியவை, வரிசையாகக் கறுப்புச் சிவப்பில் தெரிந்திருக்கும். காரணம் தெரிந்திருக்காது. உடைந்த பிரேமைச் சுவிட்ச் வாசலிலேயே தூக்கி எறிந்துவிடும், நகல் எடுத்துக் கொடுக்காது. பிடித்ததைப் பார்த்துவிட்டு யாராவது சர்வர்தான் பழசு, மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

இடி மின்னல் விஷயமும் இதே கணக்கில் சேரும். பேராக்கில் சாயங்கால இடிக்குப் பிறகு முழுதாகச் செத்த சுவிட்ச் சுலபம், மாற்றிவிடலாம். தொல்லை கொடுப்பது பாதி செத்த போர்ட். விளக்கு எரியும், இணைப்பு இருக்கும், நூற்றில் சில பிரேம் மட்டும் கெட்டுப்போகும். 'பேட் பாக்கெட்' எண்ணிக்கை எந்த வரியில் ஏறிக்கொண்டே போகிறதோ, அந்தக் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை கேபிளோடு போனால் கேபிள் அல்லது மறுமுனைக் கருவி. போர்ட்டோடு தங்கினால் சுவிட்ச்.

எண்ணிக்கைக்கும் ஒரு பொறி உண்டு. கருவிகளின் கணக்கைத் தூரத்திலிருந்தே கேட்கும் எஸ்என்எம்பி முறை வழியாகச் சுவிட்சைக் கேட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வரைபடம் போடும் பழக்கம் 1995-இல் டோபியாஸ் ஓட்டிகர் எழுதிய எம்ஆர்டிஜி மென்பொருள் காலத்திலிருந்து வருகிறது. பழைய பைட் எண்ணிகள் 32 பிட். ஏறத்தாழ 429 கோடி பைட் ஆனதும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். 100 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் அதற்கு 343 விநாடி ஆகும், ஐந்து நிமிட இடைவெளிக்குள் தப்பித்துவிடலாம். ஜிகாபிட்டில் 34 விநாடிதான். ஐந்து நிமிடத்தில் பல சுற்று சுற்றியிருக்கும், வரைபடமோ அமைதியாகக் குறைந்த வேகம் காட்டும். ஜிகாபிட் போர்ட்டுக்கு 64 பிட் எண்ணியைத் தேர்ந்தெடுக்காமல் போட்ட வரைபடத்தை நம்பி யாரும் முடிவு எடுக்க வேண்டாம்.

நகல் போர்ட்

எந்தப் போர்ட் இழுக்கிறது என்று எண்ணிக்கை சொல்லிவிடும். அந்தப் போர்ட்டில் இருக்கும் கருவி யாரிடம் என்ன பேசுகிறது என்று தெரிய வேண்டுமானால் அப்போது பாக்கெட் வேண்டும். அதற்கு நேர் வழி போர்ட் மிரரிங், சிஸ்கோ பாஷையில் ஸ்பான். 1-ஆம் போர்ட்டில் போவதையும் வருவதையும் 8-ஆம் போர்ட்டுக்கு ஒரு நகல் அனுப்பு என்று சுவிட்சுக்கே சொல்லிவிடுவது. பெரிய விலை சுவிட்ச் தேவை இல்லை. டிபி-லிங்க், நெட்கியர் நிறுவனங்களின் எட்டு போர்ட் 'ஸ்மார்ட்' வகைகளிலேயே இது உண்டு. நிர்வாகப் பக்கமே இல்லாத டப்பாவை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, இதை வாங்கி ரவுட்டருக்கு முன்னால் போட்டுவிடுவது மேல்.

மிரர் எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இணையம் மெதுவா, ரவுட்டருக்குப் போகும் போர்ட்டை நகல் எடுக்க வேண்டும். சிசிடிவி படம் விட்டு விட்டு வருகிறதா, ரவுட்டர் போர்ட்டில் அதைத் தேடிப் பயனில்லை. கேமராவிலிருந்து பதிவுப் பெட்டிக்குப் போகும் ஓட்டம் ரவுட்டரைத் தொடவே தொடாது. பதிவுப் பெட்டி இருக்கும் போர்ட்டைத்தான் எடுக்க வேண்டும். இன்னும் வெளியே போய், மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் பிடித்தாலும் கைக்குக் கிடைப்பது குறைவு. டெலிகாம் மலேசியாவின் யூனிஃபை இணைப்பில் வழக்கமாக 500 என்ற விலேன் எண்ணோடு (போக்குவரத்தைப் பிரித்துக்காட்டும் எண்), இணைய நிறுவனத்தில் உள்நுழையும் பிபிபிஓஇ முறையின் உறைக்குள் எல்லாம் போகும். அதோடு ரவுட்டர் முகவரி மாற்றிவிடுவதால் ஆபீசில் உள்ள எல்லோரும் ஒரே ஐபி முகவரியாகத் தெரிவார்கள். யார் இழுக்கிறார்கள் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடையாது.

ஜிகாபிட் போர்ட் ஒன்று இரு திசையிலும் முழு வேகத்தில் ஓடினால் மொத்தம் 2 ஜிகாபிட். நகல் வாங்கும் போர்ட் 1 ஜிகாபிட்தான் வெளியே விடும். மீதியைச் சுவிட்ச் சத்தமில்லாமல் உதிர்த்துவிடும். பெரிய நிறுவனங்களில் இதற்காகவே டேப் என்ற தனிப் பெட்டியைக் கேபிளின் நடுவில் வைப்பார்கள். நூறு, முந்நூறு எம்பிபிஎஸ் லைன் வைத்திருக்கும் தோட்ட ஆபீசின் ரவுட்டர் போர்ட்டுக்கு இந்தக் கவலை தேவையில்லை. இன்னொன்றுதான் நமக்கு அடிக்கடி வரும்: ஒரே நேரத்தில் பல போர்ட்டை இரு திசையிலும் நகல் எடுத்தால், உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என்று ஒரே பாக்கெட் இரண்டாகத் தெரியும். வயர்ஷார்க் அதை மறு அனுப்பல் என்று குறித்துவிடும். நெட்வொர்க் சீர்கெட்டுக் கிடக்கிறது என்று பயப்படுவதற்கு முன், எடிட்கேப் கருவியால் இரட்டைகளை நீக்கிப் பார்க்கலாம். அல்லது ஒரு போர்ட்டை மட்டும் எடுத்துவிட்டுப் போகலாம், அதுதான் என் வழக்கம்.

பிடித்ததும் பாக்கெட்டை ஒவ்வொன்றாகப் படிக்காதீர்கள். வயர்ஷார்க்கில் 'கான்வர்சேஷன்ஸ்' அட்டவணையைத் திறந்து பைட் வாரியாக அடுக்கினால், யாருக்கும் யாருக்கும் நடுவில் அதிகம் ஓடுகிறது என்பது முதல் சில வரிகளிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் சுவாரசியமில்லாத பதில்தான் வரும். யாரோ ஒருவரின் கைப்பேசி குடும்பக் கல்யாணப் படங்கள் முழுவதையும் மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும், அல்லது சிசிடிவி பெட்டி வெளியே ஒளிபரப்பிக்கொண்டிருக்கும். ஏற்றும் பக்கம் நிரம்பிவிட்டால் இறக்கும் பக்கமும் தவழும், ஏனென்றால் இறக்கியதற்கான ஒப்புகை மேலே போக வழியில்லாமல் வரிசையில் நிற்கும். 2024 ஆகஸ்டிலிருந்து மலேசியாவில் வரித்துறைக்கு இணையம் வழி அனுப்பும் இ-இன்வாய்ஸ் படிப்படியாகக் கட்டாயமாகிவருவதால், முன்பு எரிச்சலோடு போன இந்த மெதுவு இப்போது கணக்குப் பிரிவின் வேலையையே நிறுத்துகிறது.

உள்ளடக்கம் தெரியுமா என்று முதலாளிகள் கேட்பார்கள். பெரும்பாலும் தெரியாது. இன்று வலைத்தளப் போக்குவரத்தில் பெரும்பகுதி டிஎல்எஸ் மறைப்புக்குள் போகிறது. எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது என்பது தெரியும். தளப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி மறைக்கப்படாமல் போனால் தளத்தின் பெயரும் தெரியும். இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியிலும் பெரும்பாலும் பெயர் திறந்தே கிடக்கும். மெதுவுக்குக் காரணம் கண்டுபிடிக்க இதுவே தாராளம்.

ஏமாற்று வழி

நிர்வாகப் பக்கம் இல்லாத சுவிட்சிலும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று காட்டும் வீடியோக்கள் ஏராளம். அவை காட்டுவது ஏஆர்பி நஞ்சூட்டல். ஏஆர்பி 1982-இல் எழுதப்பட்டது. கேட்ட கேள்விக்கு யார் பதில் சொன்னாலும் நம்பும், கேட்காத பதிலையும் பல கணினிகள் நம்பும். "ரவுட்டர் நான்தான்" என்று கணினியிடமும், "கணினி நான்தான்" என்று ரவுட்டரிடமும் லேப்டாப் பொய் சொல்லிக்கொண்டே இருந்தால், இருவரும் பேசுவது லேப்டாப் வழியாக வரும். இன்னொரு வழி, ஆயிரக்கணக்கான போலி மேக் முகவரிகளைக் கொட்டிச் சுவிட்சின் அட்டவணையை நிரப்பிவிடுவது. சின்ன சுவிட்சுகளில் அட்டவணைக்குச் சில ஆயிரம் இடம்தான் உண்டு. நிரம்பினால் புது முகவரியைக் கற்க முடியாமல், தெரியாத எல்லாவற்றையும் ஹப் மாதிரி எல்லாப் போர்ட்டுக்கும் விடும்.

இதை நான் வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் காரணம் தொழில் சம்பந்தப்பட்டது. மெதுவாக இருக்கும் பாதையை அளக்க வந்துவிட்டு, அந்தப் பாதையையே உங்கள் லேப்டாப் வழியாகத் திருப்பிவிட்டால் நீங்கள் அளப்பது எதை? பாக்கெட்டை மேற்கொண்டு அனுப்பும் அமைப்பைப் போட மறந்தால் மொத்த ஆபீசும் நின்றுவிடும். நடுவில் லேப்டாப்பை மூடினாலும், பொய்யான முகவரி காலாவதியாகும்வரை ஆட்கள் லைன் இல்லாமல் கிடப்பார்கள். கொஞ்சம் நல்ல சுவிட்ச் என்றால் டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன் இந்தப் பொய்யைப் பிடித்துத் தடுத்துவிடும், போர்ட் செக்யூரிட்டி உங்கள் போர்ட்டையே மூடிவிடும்.

இரண்டாவது காரணம் சட்டம். மலேசியாவின் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234-ஆம் பிரிவு, சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் அடுத்தவர் தொடர்பை இடைமறிப்பதைக் குற்றம் என்கிறது. 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது. தோட்ட ஆபீசில் யாரோ வாய்வார்த்தையாக "பாருப்பா" என்று சொன்னதை நம்பி உட்கார வேண்டாம். நெட்வொர்க் யாருடையதோ அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் போர்ட், எந்தத் தேதி, எதற்காக. கிளினிக் என்றால் இன்னும் கவனம், ஏனென்றால் நோயாளி விவரம் மறைக்கப்படாமல் உள் நெட்வொர்க்கில் ஓடும் பழைய மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. பாக்கெட்டின் தலைப்பகுதியை மட்டும் சேமித்து மீதியை வெட்டிவிடும் வசதி பிடிக்கும் கருவிகளில் இருக்கிறது. யார் யாரிடம் எவ்வளவு என்ற கேள்விக்கு முதல் 96 பைட் இருந்தாலே காணும்.

பாக்கெட்டே பிடிக்காமல், யார் யாரோடு எவ்வளவு பேசினார்கள் என்ற சுருக்கத்தை ரவுட்டரிடமே கேட்பதும் உண்டு. நெட்ஃப்ளோ, எஸ்ஃப்ளோ எல்லாம் இதற்குத்தான். எஸ்ஃப்ளோ சில நூறு அல்லது ஆயிரம் பாக்கெட்டுக்கு ஒன்றைப் பொறுக்கி எடுத்து மதிப்பிடும். மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு டார்ச் என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. இப்போது யார் இழுக்கிறார்கள் என்று நேரலையில் காட்டிவிடும், லேப்டாப்பில் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் மிரரைக் கழற்றிவிடுங்கள், பிடித்த கோப்பை ஆபீஸ் கணினியில் விட்டுவிட்டு வராதீர்கள். பல சுவிட்சுகளில் நகல் வாங்கும் போர்ட் சாதாரண போர்ட்டாக வேலை செய்யாது. நாளைக்கு யாராவது புதுப் பிரிண்டரை அதில் செருகி லைன் வரவில்லை என்று உங்களுக்கே போன் அடிப்பார்கள்.